மென்பொருளுக்கும் சோதனை வேண்டும்

பெங்களூருக்கும் ஓசூருக்கும் இடையே, ஆனேக்கல் பகுதியில் அமைந்துள்ளது எலக்ட்ரானிக்ஸ் சிட்டி. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் இதனை உருவாக்கியது. அதன் தலைவராயிருந்த ஆர்.கே. பாலிகா இத்திட்டத்தின் முன்னோடியாவார். மின்னணுக் கருவிகளுக்கெனத் தொடங்கிய இவ்விடம் பின்னர் மென்பொருள் தொழிலின் பெருமையமாயிற்று.

இங்குள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் 2018-இல் 'மோசிப்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. மக்களுக்கு அடையாள எண் வழங்க விரும்பும் நாடுகள் எடுத்தாளத்தக்க திறந்த மூல மென்பொருள் இது. பிலிப்பைன்ஸ், மொராக்கோ முதலிய நாடுகள் இதனை ஏற்றுள்ளன. இத்தகைய மென்பொருளில் நேரும் சிறு பிழையும் ஒரு குடிமகனுக்கு உரிய உதவியைத் தடுத்துவிடக் கூடும். எனவே, சோதனை என்பது இறுதியில் செய்யும் சடங்கன்று. ஆக்கத்தின் ஒரு கூறேயாகும்.

நான்கு படிகள்

சோதனை பொதுவாக நான்கு படிகளில் நிகழ்கிறது. நிரலின் ஒவ்வொரு சிறு பகுதியையும் தனித்துச் சோதிப்பது அலகுச் சோதனை. பகுதிகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்குகின்றனவா என்று காண்பது ஒருங்கிணைப்புச் சோதனை. முழு மென்பொருளையும் ஆராய்வது அமைப்புச் சோதனை. அதனைப் பயன்படுத்தவிருக்கும் துறையினர் தம் தேவை நிறைவேறியதா எனக் காண்பது ஏற்புச் சோதனை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் தகுதி வயது 60. விண்ணப்பதாரரின் வயதைக் கணிக்கும் நிரலை 40, 75 ஆகிய வயதுகளை மட்டும் கொடுத்துச் சோதித்தால் போதாது. இன்று 60 நிறைந்தவர், நேற்று நிறைந்தவர், நாளை நிறைய இருப்பவர் ஆகிய மூவரையும் கொண்டு சோதித்தல் வேண்டும். பிழைகள் பெரும்பாலும் எல்லைகளிலேயே ஒளிந்திருக்கும். பிறந்த ஆண்டு மட்டுமே அறிந்த முதியவரையும், குடும்பப் பெயரின்றித் தலைப்பெழுத்து மட்டும் கொண்ட தமிழரையும் அந்நிரல் ஏற்கிறதா என்பதும் காணத்தக்கது. 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்று வகுத்த நிரல் கணக்கில் சரியாக இருந்தும் மக்களுக்குத் தவறாகவே முடியும்.

சட்டகத்தின் பணி

இத்தனை சோதனைகளையும் ஒவ்வொரு முறையும் கையால் செய்தல் இயலாது. இதற்கெனவே சோதனைச் சட்டகங்கள் தோன்றின. கென்ட் பெக், எரிக் காமா ஆகியோர் 1997-இல் ஜாவா மொழிக்கென உருவாக்கிய 'ஜேயூனிட்' இவற்றுள் புகழ்பெற்றது. இன்ன உள்ளீட்டிற்கு இன்ன விடை வரவேண்டும் என நிரலாளர் எழுதி வைக்கிறார். சட்டகம் நிரலை இயக்கி, வந்த விடையை எதிர்பார்த்த விடையோடு ஒப்பிட்டு, மாறுபட்டவற்றை மட்டும் சுட்டுகிறது. நிரலில் ஒரு வரி மாறினும் பழைய சோதனைகள் அனைத்தையும் மீண்டும் இயக்கலாம். இது மீள்சோதனை எனப்படும். ஒன்றைத் திருத்தப் போய் மற்றொன்றைக் கெடுப்பதை இது உடனே காட்டிவிடும். நிரலுக்கு முன்னரே சோதனையை எழுதும் முறையும் வழக்கிலுள்ளது.

ஏரியன் தந்த பாடம்

1996 ஜூன் 4-இல் ஐரோப்பாவின் ஏரியன்-5 ஏவூர்தி புறப்பட்ட ஒரு நிமிடத்திற்குள் வெடித்துச் சிதறியது. ஏரியன்-4 ஏவூர்தியில் நன்கு இயங்கிய நிரற்பகுதி புதியதிலும் எடுத்தாளப்பட்டிருந்தது. புதிய ஏவூர்தியின் வேகம் மிகுதியாதலின், ஓர் எண் தனக்கு ஒதுக்கிய 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. புதிய பறப்புப் பாதையைக் கொண்டு அப்பகுதி சோதிக்கப்படவில்லை என்பதே விசாரணை காட்டிய உண்மை. ஓரிடத்தில் தேறிய மென்பொருள் வேறிடத்திலும் தேறும் எனக் கொள்ளுதல் ஆகாது. பல நாடுகளுக்குச் செல்லும் மென்பொருளுக்கு இப்பாடம் மிகவும் பொருந்தும்.

அலுவலரின் பங்கு

சோதனை பிழை உண்டு என்பதைக் காட்டுமேயன்றி, பிழையே இல்லை என்று மெய்ப்பிக்காது. கணிப்பொறி அறிஞர் டைக்ஸ்ட்ரா வலியுறுத்திய கருத்து இது. ஆயினும் எதைச் சோதிப்பது என்பதைத் தேர்ந்து செய்தால் இடர் பெரிதும் குறையும். மத்திய அரசின் எஸ்.டி.க்யூ.சி. இயக்ககம் மென்பொருளைச் சோதித்துச் சான்றளித்து வருகிறது. எனினும் கிராமத்து விண்ணப்பதாரரின் நிலையை நன்கறிந்தவர் களத்திலுள்ள அலுவலரே. ஏற்புச் சோதனையில் அவர் முன்வைக்கும் எடுத்துக்காட்டுகளே மென்பொருளை மக்களுக்கு உரியதாக்கும். கையொப்பமிடுமுன் சோதனை அறிக்கையைக் கேட்டுப் பெறுதல் அவரது கடமையாகும்.