உங்களுக்குத் தெரியுமா? மருந்துக்குத் தப்பும் உறங்கும் கிருமிகள்

1944-இல் ஜோசப் பிக்கர் என்ற நுண்ணுயிரியலாளர், ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைப் பெனிசிலினால் அழிக்கும்போது ஒன்றைக் கவனித்தார். ஏறக்குறைய எல்லாமே செத்தன. பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் சில மட்டும் பிழைத்தன. வியப்பு அதற்குப் பிறகுதான். பிழைத்தவற்றை வளர்த்து மறுபடி அதே மருந்தைக் கொடுத்தபோது, அவற்றின் சந்ததியும் முன்போலவே மடிந்தது. மீண்டும் ஒரு சிறு கூட்டம் மிஞ்சியது. அதாவது, அவை மருந்தை எதிர்க்கும் திறன் பெற்ற கிருமிகள் அல்ல.

பிறகு எப்படித் தப்பின? பாக்டீரியா வளரும்போது செல்சுவர் கட்டும் வேலையைக் கெடுத்துத்தான் பெனிசிலின் அதைக் கொல்கிறது. வளராமல் முடங்கிக் கிடக்கும் செல்லில் கெடுப்பதற்கு வேலையே நடப்பதில்லை! இவற்றுக்குப் பிக்கர் இட்ட பெயர் 'பெர்சிஸ்டர்'.

மருந்து பட்ட பிறகுதான் இவை முடங்குகின்றனவா? 2004-இல் நதாலி பலபானும் சக ஆய்வாளர்களும் ஈ.கோலை பாக்டீரியாக்களை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பின்தொடர்ந்தார்கள். தப்பியவை, மருந்து சேர்வதற்கு முன்பே வளர்ச்சி குன்றிக் கிடந்தவை. ஒரே மரபணுக்கள், ஒரே உணவு. ஆனாலும் சில மட்டும் உறங்கின. இவ்வளவு எளிய உத்தி மருத்துவத்தை இத்தனை காலம் திணறடிப்பது உண்மையிலேயே மலைக்க வைக்கிறது.

காசநோயில் இருமல் சில வாரங்களில் தணிந்தாலும், வழக்கமான சிகிச்சை ஆறு மாதம் நீள்வதற்கு இத்தகைய மந்தக் கிருமிகள் ஒரு முக்கியக் காரணம். கூட்டு மருந்தில் பைரசினமைடு சேர்க்கப்படுவதே, அமிலச் சூழலில் மந்தமாகக் கிடப்பவற்றைத் தாக்கத்தான்.