மாரியை அளக்க ஒரு போத்தல்

கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலை லிங்கநகருக்கு வெயில்தான் மிச்சம். மத்திய மலைநாடு மழையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். திருகோணமலையின் பெருமழை வாடையோடுதான் வரும். நவம்பரும் டிசம்பரும் அதன் உச்சம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரை தொட்டதும் நமக்குச் சற்று வடக்கேதான்.

வடகிழக்கில் மாரி தொடங்கினால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியலாளர் நாகமுத்து பிரதீபராஜா என்ன சொல்கிறார் என்று பலரும் தேடுவார்கள். அக்கரையில் 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான். அவர் வானிலைத் திணைக்கள அதிகாரி அல்லர், ஆர்வலர்!

அந்த ஆர்வம் உங்களுக்கும் உண்டா? அடி தட்டையான, வாயும் வயிறும் ஒரே அகலமுள்ள போத்தல் போதும். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வையுங்கள். திணைக்களம் கணக்கெடுப்பதுபோல் தினமும் காலை எட்டரைக்கு அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்து எழுதுங்கள். ஒரு மில்லிமீற்றர் என்றால், ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் மழை. 100 மில்லிமீற்றர் பெய்தால் உங்கள் முற்றம் எவ்வளவு குடித்தது என்று நீங்களே கணக்குப் போடலாம்.

அளந்த கையோடு நீரை ஊற்றிவிடுங்கள். டெங்கு நுளம்புக்கு அந்தப் போத்தலே போதும்.