காற்றின் வேகத்தை அளப்பது எப்படி?

விமானத்தின் மூக்குப் பகுதியில், விரல் போல ஒரு சிறு குழாய் நீட்டிக் கொண்டிருக்கும். கவனித்திருக்கிறீர்களா குட்டீஸ்? அதன் பெயர், 'பிட்டோ குழாய்!' பிரான்ஸ் நாட்டு இன்ஜினியர் ஹென்றி பிட்டோ, 1732ல் செயின் நதியின் வேகத்தை அளக்க உருவாக்கியது.

எதிரே வரும் காற்று, குழாயின் வாயில் முட்டி நிற்கும். அந்த அழுத்தத்தை, சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தோடு ஒப்பிட்டு வேகத்தைக் கணக்கிடுவர்.

'அப்படியானால், ஜன்னலோரத் தென்றலையும் இதிலேயே அளக்கலாமே?' என்கிறீர்களா... முடியாது! வேகம் 10 மடங்கு குறைந்தால், இந்த அழுத்த வித்தியாசம் 100 மடங்கு குறைந்து விடும். மெல்லிய காற்றுக்கு, 'சூடான கம்பி' கருவி தான் சரி. மின்சாரத்தால் சூடாக்கிய, தலைமுடியை விட மெல்லிய கம்பி அது. காபியை ஊதினால் ஆறுவது போல, காற்று பட்டதும் கம்பியும் ஆறும். அதை வைத்து வேகத்தை அறியலாம். ஆனால், மழை, தூசி எல்லாம் அதற்கு ஆகாது. எனவே, வானிலை நிலையங்களில் சுழலும் கிண்ணக் கருவியை வைக்கின்றனர்.

பிட்டோ குழாய்க்குப் பகை, பனி. அதனால் தான், அதற்குள் சூடேற்றும் வசதி உண்டு. அப்படியும், ஜூன் 1, 2009ல், ரியோ டி ஜெனிரோவில் இருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் விமானத்தின் குழாய்களை, பனித்துகள்கள் சிறிது நேரம் அடைத்து விட்டன. வேகம் தவறாகத் தெரிய, விமானிகள் குழம்பினர். விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்து, 228 பேரும் இறந்தனர். அந்த ஆண்டே, அந்த ரகக் குழாய்களை அகற்றி, வேறு ரகம் பொருத்த ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு உத்தரவிட்டது.

பனி மட்டுமல்ல, குளவியும் தொல்லை தான். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில், நிற்கும் விமானங்களின் குழாய்க்குள் புகுந்து கூடு கட்டி விடுகின்றன. அதனால், குழாய்க்கு உறை மாட்டி, மறக்காமல் கழற்றுவதற்காக சிவப்பு நாடாவும் தொங்க விடுவர்.