கஜுக் கோதுக்குள் ஒரு பெயின்ட் மூலப்பொருள்

100 கிலோ கஜுக் கொட்டையை உடைத்தால் கையில் சேரும் பருப்பு 22 முதல் 25 கிலோ வரைதான். மிச்சத்தில் பெரும்பங்கு, ஏறத்தாழ 70 கிலோ, வெறும் கோது. பருப்பு பொதியாகிக் கடைக்குப் போகும். கோது அடுப்புக்குப் போகும், இல்லாவிட்டால் வேலியோரக் குப்பைக்குப் போகும். ஆனால் அந்தக் கோதுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. கப்பலின் இரும்புக்குப் பூசும் பெயின்ட், வாகனப் பிரேக்கின் உராய்வுத் தூள், மின்கம்பிச் சுருளுக்கான வார்னிஷ் என்று பலவற்றை அந்த எண்ணெயிலிருந்து உலகம் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகச் செய்துவருகிறது.

மட்டக்களப்புக்கு இது அயல்நாட்டுச் சங்கதி மட்டும் அல்ல. மணற்பாங்கான வரண்ட நிலத்துக்கு கஜு தரும் மரமுந்திரிகை தோதான மரம். வாகரைப் பக்கத்திலும் படுவான்கரையிலும் அது காய்க்கிறது. எழுவான்கரையிலும் வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்திலும் உப்புக்காற்றோடு மல்லுக்கட்டும் படகுகளும் இரும்புச் சாமான்களும் நிறைய. கழிவும் இங்கே, பூச்சின் தேவையும் இங்கே. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் இரசாயனம். அதை எளிமையாகப் பார்ப்போம்.

கோதின் உள்ளே

கஜுக் கோது சுமார் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ளது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். வெளியே வழுவழுப்பான சாம்பல் நிறத் தோல். உள்ளே பருப்பை ஒட்டினாற்போல் கெட்டியான ஓடு. இரண்டுக்கும் இடையில் சிறு சிறு அறைகளாலான மெத்தென்ற அடுக்கு. எண்ணெய் நிறைந்திருப்பது இந்த நடு அடுக்கில்தான். கத்தி இறங்கியதும் செம்பழுப்பு நிறத்தில் கசிந்து வரும். விரலில் பட்ட உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு எரியும், கொப்புளிக்கும், தோல் கறுத்து உரியும். கஜு வெட்டும் பெண்கள் கையில் சாம்பலோ தேங்காயெண்ணெயோ பூசிக்கொண்டு உட்காருவது இதனால்தான்.

மாங்காய்ப் பால் பட்டு உதட்டோரம் வெந்துபோனவர்களுக்கு இந்த எரிவு புரியும். மாவும் மரமுந்திரிகையும் ஒரே தாவரக் குடும்பம். சலவைக்காரர் துணியில் அழியாத குறி போடப் பயன்படுத்திய சேங்கொட்டையும் அதே குடும்பம். யப்பானியர் மரப்பாத்திரங்களுக்குப் பூசும் புகழ்பெற்ற அரக்குப் பூச்சுக்குப் பால் தரும் மரமும் அதே குடும்பந்தான். தோலைச் சுடும் பொருளும் அழியாத கறையாக, பளபளக்கும் பூச்சாகப் படியும் பொருளும் இந்த மரங்களில் ஒரே இரசாயன வகையைச் சேர்ந்தவை.

1847 இல் ஜெர்மானிய இரசாயனவியலாளர் ஸ்டேடலர் கஜுக் கோது எண்ணெயைப் பிரித்து ஆராய்ந்தார். சூடாக்காத பச்சை எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அனகாடிக் அமிலம். மிச்சத்தில் பெரும்பாலானவை காடோல், காடனோல் என்ற இரண்டு பொருட்கள். பெயின்ட் தொழிலுக்கு வேண்டியது காடனோல். ஆனால் பச்சை எண்ணெயில் அது பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கிறது.

சூடாக்கினால் நடப்பது

அந்தக் குறையைச் சூடு தீர்த்துவைக்கிறது. அனகாடிக் அமிலத்தை 180 பாகை செல்சியசை ஒட்டிச் சூடாக்கினால் அதிலிருந்து காபனீரொட்சைட்டு கழன்று போய்விடும். எடையில் சுமார் எட்டில் ஒரு பங்கு இப்படி வாயுவாகப் போகும். எஞ்சி நிற்பது காடனோல். வாயு வெளியேறும்போது எண்ணெய் நுரைத்துப் பொங்கும். அதனால் ஆலைகளில் பாத்திரத்தை முழுதாக நிரப்பமாட்டார்கள், சூட்டையும் மெதுவாகத்தான் ஏற்றுவார்கள்.

கோதிலிருந்து எண்ணெய் எடுக்க இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. ஒன்று, முழுக் கொட்டையையும் சூடான கோது எண்ணெய்த் தொட்டியில் அமிழ்த்தி எடுப்பது. கோது வெடித்துத் தன் எண்ணெயைத் தொட்டியில் விட்டுவிடும், கொட்டையும் உடைக்க இலகுவாகும். மற்றது, கொட்டையை ஆவியில் அவித்து வெட்டிப் பருப்பை எடுத்தபின் கோதை மட்டும் செக்குப்போல் அழுத்தும் இயந்திரத்தில் போட்டுப் பிழிவது. இந்த இரண்டாவது வழியில் 70 கிலோ கோதிலிருந்து 15 கிலோ அளவில் எண்ணெய் எடுக்கலாம். சக்கை வீணாகாது, எரிபொருளாகும். பிழிந்த எண்ணெயைத் தெளியவிட்டு, வடிகட்டி, சூடாக்கினால் சந்தைக்கு ஏற்ற எண்ணெய் கிடைக்கும். இந்தியாவில் இதன் தரத்துக்கு ஐஎஸ் 840 என்ற நியமம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பண்ருட்டியிலும் கேரளத்தின் கொல்லத்திலும் முந்திரித் தொழிலோடு கூடவே வளர்ந்தது இந்த எண்ணெய்த் தொழில்.

இன்னும் தூய காடனோல் வேண்டுமென்றால் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய கொள்கலத்தில் எண்ணெயைக் காய்ச்சி வடிக்கவேண்டும். வெளிறிய மஞ்சள் நிறத்தில் காடனோல் வடியும். அடியில் தங்கும் கறுப்புப் பிசினுக்கும் தனிச் சந்தை உண்டு.

பெயின்ட்டுக்கு இது ஏன் பொருந்துகிறது?

எந்தப் பெயின்ட்டிலும் முக்கியமாக மூன்று பொருட்கள் இருக்கும். நிறம் தரும் தூள் ஒன்று. பூசும்வரை இளக்கமாக வைத்திருக்கும் தின்னர் அல்லது தண்ணீர் இன்னொன்று. மூன்றாவது, பூசிய பின் இறுகிப் படலமாகும் பிணைப்பான். தின்னர் பறந்துவிடும், நிறத்தூளுக்குத் தானாகச் சுவரில் நிற்கத் தெரியாது. மழைக்கும் வெயிலுக்கும் உப்புக்கும் தாக்குப்பிடிப்பது பிணைப்பான்தான். கஜுக் கோது எண்ணெயின் இடம் அங்கே.

காடனோல் மூலக்கூறை ஒரு வாற்பேத்தையாக நினைத்துக்கொள்ளலாம். தலை பீனோல் என்ற இரசாயன அலகு. வால் 15 காபன் அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலி. தலை போமல்டிகைட்டு என்ற இரசாயனத்தோடு சேர்ந்து கெட்டியான பிசினாகும். அந்தக் கெட்டித்தன்மையால் சூட்டையும் அமிலத்தையும் தாங்கும். வால் எண்ணெய்த் தன்மையுள்ளது. அதனால் தண்ணீரை அண்டவிடாது, படலம் மொறுமொறுப்பாகி வெடித்துவிடாமல் நெகிழ்வும் கொடுக்கும். வாலில் ஒன்று முதல் மூன்று வரை இரட்டைப் பிணைப்புகள் இருப்பது வழக்கம். காற்றிலுள்ள ஒட்சிசன் அவற்றைப் பிடித்து ஒரு மூலக்கூறை அடுத்ததோடு கோக்கும். ஆளிவிதை எண்ணெய் பூசினால் உலர்ந்து இறுகுவதும் இதே முறையில்தான். சாதாரண பீனோலிடம் இந்த வால் இல்லை, சமையல் எண்ணெய்களிடம் இந்தத் தலை இல்லை. இரண்டும் ஒரே மூலக்கூறில் சேர்ந்திருப்பதே கஜுக் கோதின் விசேஷம்.

இதைத் தொழிலாக்கியதில் முன்னணியில் நின்றவர் அமெரிக்கரான மோர்டிமர் ஹார்வி. 1920களிலிருந்து கோது எண்ணெயை வார்னிஷ், மின்காப்பு, பிசின் ஆகியவற்றுக்குப் பக்குவப்படுத்தும் முறைகளுக்கு அவர் அடுத்தடுத்துக் காப்புரிமை பெற்றார். நியூ ஜேர்சியின் இர்விங்டன் வார்னிஷ் நிறுவனம் அவற்றைத் தயாரிப்புக்குக் கொண்டுவந்தது. பிரேக் உற்பத்தியிலும் இதன் பயன் தெரியவந்தது. கோது எண்ணெயைப் பிசினாக்கி, இறுக்கி, அரைத்த தூளைப் பிரேக் கட்டையில் சேர்த்தால் உராய்வு சீராகும், கிறீச்சிடலும் குறையும்.

அடுத்த பெரிய படி எபொக்சிப் பூச்சு. எபொக்சி இரண்டு டின்களில் வரும், ஒன்றில் பிசின், மற்றதில் இறுக்கி. கலந்தால்தான் கெட்டியாகும். காடனோலைப் போமல்டிகைட்டோடும் அமீன் வகைப் பொருளோடும் சேர்த்தால் ‘பீனல்கமைன்’ என்ற இறுக்கி கிடைக்கும். வழக்கமான பல இறுக்கிகள் குளிரிலும் ஈரத்திலும் மந்தமாகிவிடும். பீனல்கமைன் உறைநிலைக்கு அண்மையான குளிரிலும் வேலை செய்யும், ஈரப்பசையுள்ள இரும்பின்மேலும் பிடித்துக்கொள்ளும். கப்பல்களின் அடிப்பகுதிக்கும் நீர்த்தொட்டிகளுக்கும் பூசும் துருத்தடுப்புப் பெயின்ட்டில் இதற்கு மதிப்பு வந்தது இப்படித்தான். காடோலைற் என்ற நிறுவனம் மங்களூரில் ஆலை வைத்துக் காடனோல் பொருட்களைத் தயாரிக்கிறது. மூலப்பொருள் எந்தக் கரையில் சேர்கிறதோ அங்கே ஆலை வருகிறது.

எரித்தால் என்ன, கொட்டினால் என்ன?

கோது நன்றாக எரியும். அதனால்தான் அது அடுப்புக்குப் போகிறது. ஆனால் சூட்டில் ஆவியாகும் எண்ணெய் புகையோடு கலந்து கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். அடுப்பைச் சுற்றியிருக்கும் குழந்தைகளுக்கு அது கூடாது. பிழிந்த சக்கையில் எண்ணெய் மிகக் குறைவு என்பதால் அதை எரிப்பது எவ்வளவோ மேல்.

எண்ணெயையே எரிபொருளாக்கினால் என்ன என்றும் அண்மை ஆண்டுகளில் முயன்று பார்த்தார்கள். கப்பல் எரிபொருளில் கோது எண்ணெய் கலந்தபோது வடிகட்டிகள் அடைத்தன, எரிபொருள் செலுத்தும் பாகங்கள் பழுதடைந்தன என்று முறைப்பாடுகள் வந்தன. அதில் வியப்பில்லை. சூட்டிலும் காற்றிலும் இறுகிப் பிசினாவது இந்த எண்ணெயின் சுபாவம். பெயின்ட் டின்னில் அது குணம், இயந்திரக் குழாயில் அது கோளாறு.

மட்டக்களப்பு வாவியோரத்தில் கோதைக் கொட்டுவது எல்லாவற்றிலும் மோசம். அனகாடிக் அமிலம் நீர் நத்தைகளையும் நுளம்புக் குடம்பிகளையும் கொல்லவல்லது. நுளம்பு செத்தால் நல்லதுதானே என்று எண்ணவேண்டாம். இறாலும் நண்டும் மட்டியும் வளரும் நீர் அது. 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவி கடலோடு கலப்பது சில முகத்துவாரங்களில் மட்டுமே. அவை மண்மேடிட்டு மூடிக்கிடக்கும் காலத்தில் உள்ளே விழுந்தது உள்ளேயே கிடக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. பச்சை எண்ணெயை நேரே தோணிப் பலகைக்குப் பூசும் பழக்கம் கேரளக் கரைகளில் உண்டு. மரத்தை அது காக்கும் என்பது உண்மை. ஆனால் மெதுவாகத்தான் உலரும், பூசுபவரின் தோலைச் சுடும். பிசின் செய்யத் தேவையான போமல்டிகைட்டை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளென வகைப்படுத்தியது. கொல்லைப்புறத்தில் பீப்பாய் வைத்துச் செய்யும் வேலையல்ல இது.

இங்கே எதைத் தொடங்கலாம்?

கழிவை மூலப்பொருளாக்குவது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1950களில் எழுந்த வாழைச்சேனைக் காகித ஆலை, வயலில் மிஞ்சிய வைக்கோலிலிருந்து காகிதம் செய்தது. வைக்கோலுக்கும் கஜுக் கோதுக்கும் ஒரே சிக்கல். ஊர் ஊராய்ச் சிதறிக் கிடக்கும், கனதிக்கு ஏற்ற விலை இராது, சேர்த்துக் கொண்டுவரும் செலவே இலாபத்தைத் தின்றுவிடும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு தொன் கஜுக் கொட்டையிலிருந்து சுமார் 150 கிலோ எண்ணெய். வீட்டில் இருந்து வெட்டும் ஒரு குடும்பத்தின் கோதில் ஓர் இயந்திரம் ஓடாது. பல ஊர்களின் கோது ஓரிடத்தில் குவிந்தால் ஓடும். ஆகவே இங்கே முதலில் வேண்டியது பெயின்ட் ஆலை அல்ல. ஒரு சேகரிப்பு நிலையம், ஒரு பிழியும் இயந்திரம், எண்ணெயை விலை பேசி வாங்க ஆயத்தமான ஒரு நிறுவனம். இந்த மூன்றும் சேர்ந்தால் போதும். காய்ச்சி வடிப்பதையும் பீனல்கமைன் செய்வதையும் அதற்கென்றே கட்டிய ஆலைகள் பார்த்துக்கொள்ளும். வாங்குபவரை முதலில் பேசிவைக்காமல் இயந்திரத்தை வாங்குவது கடனில் முடியும்.

1973 இல் அமைந்த இலங்கை மரமுந்திரிகைக் கூட்டுத்தாபனம் கன்றுக்கும் பருப்புக்கும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கைக் கோதுக்கும் காட்டலாம். பிரதேச செயலகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் ஒரு பருவத்தில் எவ்வளவு கோது சேரும் என்று கணக்கெடுத்துப் பார்க்கலாம். அந்தக் கணக்கு இல்லாமல் எந்தத் திட்டமும் நிற்காது.

கஜு வெட்டும் வீட்டாருக்குச் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: கையுறை போடுங்கள், கோதை அடுப்பில் இடாதீர்கள், நீரோரம் கொட்டாதீர்கள். உலர்த்தி, சாக்கில் கட்டி, மழை படாத இடத்தில் வையுங்கள். வாங்க ஆள் வரும் நாளில் விற்கச் சரக்கு இருக்கவேண்டும்.