பூசி மறைத்த கூரை மறுபடியும் பெயர்வது ஏன்?

மழைக்காலம் முடிந்தபின் ஒருமுறையாவது உங்கள் வீட்டு மேற்கூரையை நிமிர்ந்து நிதானமாகப் பார்த்ததுண்டா? எலெக்ட்ரானிக் சிட்டியைச் சுற்றியுள்ள தொட்டதோகூர், கோனப்பன அக்ரஹாரா, ஹெப்பகோடி, பொம்மசந்திரா பகுதிகளில் நம்மவர் அநேகர் வாடகைக்குக் குடியிருக்கும் மூன்று மாடி, நான்கு மாடி வீடுகள் பல, இப்போது பத்து இருபது மழைக்காலங்களைக் கண்டுவிட்டன. சன்ஷேடின் அடியில் நேர்க்கோடாக ஒரு பழுப்புக் கறை, பால்கனியின் விளிம்பில் தலைமுடி அளவு விரிசல், குளியலறைக் கூரையில் உப்பி நிற்கும் பூச்சு. இவற்றைக் கண்டவுடன் பெரும்பாலோர் செய்வது என்ன? கொத்தனார் ஒருவரை அழைத்து, ஒரு சட்டி சாந்தைப் பூசச்செய்து, அதன்மேல் வெள்ளையடித்துவிடுகிறார்கள். இரண்டு மழைக்குப்பின் அதே இடம் முன்னிலும் பெரிதாகப் பெயர்ந்து விழுகிறது. அதன் கீழே கட்டிலும் தொட்டிலும் இருக்கின்றன என்பதுதான் நாம் கவலைப்படவேண்டிய காரியம்.

கான்கிரீட் என்பது கல்லைப்போல் என்றைக்கும் நிற்கும் என்று நம்பி வாழ்ந்த காலம் போய்விட்டது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில் நடந்த இரண்டு காரியங்களை நினைவுகூருங்கள். பெங்களூரு துமகூரு சாலையில் 2010-இல் திறக்கப்பட்ட பீனியா மேம்பாலம், கான்கிரீட்டுக்குள் இழுத்துக் கட்டப்பட்டிருந்த எஃகு வடங்கள் துருப்பிடித்துச் சேதமுற்றது தெரியவந்ததால் திடீரென மூடப்பட்டது. மூடப்பட்ட அன்று அதற்குப் பதினொரு வயதுதான். 2022 பிப்ரவரியில் சிறு வாகனங்களுக்கு மட்டும் வழி திறந்தது. கனரக வாகனங்கள் 2024 ஜூலை வரை காத்திருக்க நேர்ந்தது. அதே வாரத்தில், டிசம்பர் 27-ஆம் தேதி, சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993-இல் கட்டப்பட்ட குடிசைமாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி, 24 வீடுகளோடு சரிந்து விழுந்தது. விரிசல்களைக் கண்டு பயந்த குடியிருப்போர் முன்னதாகவே வெளியேறியிருந்தபடியால் உயிர்ச்சேதம் இல்லை. விரிசலைக் கண்டவர்கள் அதை அற்பமாக எண்ணாததே அத்தனை குடும்பங்களையும் காத்தது.

நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுக்கலாகாது. ஆகையால் உள்ளே நடப்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். புதிய கான்கிரீட் மிகுந்த காரத்தன்மை உடையது. அதன் கார அளவு 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி, துருவை அண்டவிடாமல் வைத்திருக்கிறது. ஆனால் காற்றிலுள்ள கரியமிலவாயு ஆண்டாண்டாக மெல்ல உட்புகுந்து அந்தக் காரத்தைத் தின்றுவிடுகிறது. கார அளவு 9-க்குக் கீழே இறங்கியபின் கம்பிக்குக் காப்பு இல்லை. அப்போது மழைநீரும் சேர்ந்தால் துரு பிடிக்கிறது. துருவானது தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த விரிவைத் தாங்கமாட்டாமல் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. ஆகவே நீங்கள் வெளியே காணும் விரிசல் நோயின் தொடக்கமல்ல. உள்ளே நெடுநாள் நடந்த வேலையின் முடிவு. இப்பொழுது சொல்லுங்கள், அதன்மேல் பூசிய சாந்து எத்தனை நாள் நிற்கும்?

கனடாவிலும் வட அமெரிக்காவின் பிற குளிர்ப் பகுதிகளிலும் இருக்கும் உறவினர் சொல்லும் வைத்தியத்தை அப்படியே இங்கே செய்யாதிருங்கள். அங்கே கான்கிரீட்டின் நுண்துளைகளில் புகுந்த நீர் உறைந்து, ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிந்து, மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கிறது. நமக்குப் பனி இல்லை. நம்முடைய சத்துரு, ஏப்ரல் வெயிலும் அதையடுத்து வரும் இடிமழையும், செப்டம்பர் அக்டோபர் மாதங்களின் அடைமழையும், வருஷம் முழுவதும் ஓயாமல் ஒழுகும் ஒரு குழாயுமே.

அந்த ஒழுக்கைக் கண்டுபிடிக்காமல் கீழே பழுதுபார்ப்பதே முதலாவது தவறு; செலவு மிகுந்த தவறும் அதுவே. மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். வெந்நீருக்காக வைத்த சூரியசக்தி அடுப்பின் கால்களை நிறுத்தத் தளத்தில் துளையிட்டு, அந்தத் துளையை அடைக்காமல் விட்டிருப்பார்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து ஒரே மூலையில் தேங்கும். மழைநீர்க் குழாயின் வாயில் உலர்ந்த இலையும் ஷாம்பு உறையும் அடைத்துக்கொண்டிருக்கும். சுவர்ச் சந்தில் ஓர் அரசஞ்செடி முளைத்திருக்கும். சன்ஷேடின் அடிப்பக்க விளிம்பில், நீர் சொட்டி விழும்படி ஒரு சிறு பள்ளம் விட்டிருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் மழைநீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவர்வரை வரும். இவற்றில் பாதிக்குமேல் ஒரு நாள் வேலைதான். நம்முடைய தாத்தாமார் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, கட்டையால் நாள்கணக்கில் தட்டி, மேலே தட்டோடு பதித்து, நீர் வடியச் சரிவு வைத்தார்கள். இன்றைய அவசரக் கட்டுமானத்தில் அந்தச் சரிவே காணாமற்போயிற்று.

அடுத்து, எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று அறியவேண்டும். சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளந்தது பொத்தென்று ஒலிக்கும். பொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். கண்ணுக்குத் தெரிந்த பெயர்ச்சியைவிட அந்த வட்டம் பெரிதாயிருப்பதைக் கண்டு ஆச்சரியப்படுவீர்கள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் நீங்கள் கையாண்ட பினால்ப்தலீன் கரைசலைப் புதிதாக உடைத்த பகுதியில் தெளித்தால் காரம் மீந்திருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். காரம் போன இடம் நிறம் மாறாது. பொறியாளர்கள் செய்யும் சோதனைதான் இது. செலவும் மிகக் குறைவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. கூரைத் தளத்தில் கையகலம் பெயர்ந்திருந்தால் நல்ல கொத்தனார் போதும். ஆனால் பழுது தூணிலோ உத்திரத்திலோ இருந்தால், அல்லது கம்பி கண்ணுக்குத் தெரியுமளவு மெலிந்திருந்தால், கட்டடப் பொறியாளர் வந்து பார்க்கும்வரை ஒருவரும் உளியை எடுக்கலாகாது. பாரத்தைத் தாங்கி நிற்கும் உறுப்பை முட்டுக்கொடுக்காமல் கொத்துவது உயிரோடு விளையாடுவதாகும். பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணத்தைச் சேமிக்க எண்ணி முழு வீட்டையும் பணயம் வைப்போரைக் குறித்து என்ன சொல்வது!

கொத்தும்போது துரு தெரிந்தவுடன் நிறுத்திவிடுவது மற்றொரு தவறு. கம்பியின் முன்பக்கத்தைமட்டும் தேய்த்துவிட்டுப் பின்பக்கத்தை விட்டால், துரு அங்கிருந்தே மறுபடியும் தள்ளும். கம்பியைச் சுற்றி விரல் நுழையுமளவு, அதாவது ஏறக்குறைய 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை, பின்னாலும் கொத்தி எடுக்கவேண்டும். துருவற்ற கம்பி தெரியும்வரை நீளத்திலும் போகவேண்டும். பிறகு கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேய்க்கவேண்டும். சிலர் தரை கழுவும் ஆசிட்டை ஊற்றித் துருவைக் கரைக்கிறார்கள். ஐயோ, அது ஹைட்ரோகுளோரிக் அமிலம் அல்லவா? அதிலுள்ள குளோரைடு கான்கிரீட்டில் ஊறி, போன துருவைவிடப் பொல்லாத துருவை அழைத்துவரும். கதவு கம்பிக்கு அடிக்கும் சாதாரணப் பெயிண்டையும் பூசாதிருங்கள். சாந்து அதைப் பற்றிக்கொள்ளாது. இதற்கென்றே துத்தநாகம் செறிந்த எபாக்சி பூச்சும், சிமெண்ட் கலந்த காப்புப் பூச்சும் கடைகளில் கிடைக்கின்றன.

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில், சுவரில் தோஷம் கண்ட வீட்டைக் குறித்த கட்டளையின் வரிசையை வாசித்திருப்பீர்கள். முதலாவது வீட்டை ஒழித்து வைப்பது, பார்ப்பது, ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடியும் பார்ப்பது, கெட்ட கற்களைப் பெயர்த்துப் பட்டணத்துக்குப் புறம்பே போடுவது, சுற்றிலும் செதுக்குவது, அதன் பின்னரே வேறு கற்களும் வேறு சாந்தும். பூச்சுவேலை அங்கே கடைசியில்தான் வருகிறது. நம்முடைய கொத்தனார்களோ அதிலேயே தொடங்குகிறார்கள்.

சாந்து பூசும் நாளில் நடக்கும் தவறுகள் சிறியவைபோலத் தோன்றும். கொத்திய பள்ளத்தின் ஓரங்கள் ஒன்றுமில்லாமல் மெலிந்து முடியும்படி விட்டால், அந்த மெல்லிய ஓரம் முதலில் உரியும். ஆகையால் ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, குறைந்தது ஒரு சென்டிமீட்டர் ஆழமாவது வைக்கவேண்டும். பழைய கான்கிரீட் தாகமாயிருந்தால் புதிய சாந்தின் நீரைக் குடித்துவிடும். அதை முந்தின நாளே நனைத்து வைத்து, பூசும் வேளையில் ஈரம் உள்ளே இருந்து, மேலே நீர் நிற்காதபடி துடைக்கவேண்டும். பிடிமானத்துக்காகத் தடவும் சிமெண்ட் பால் ஈரமாயிருக்கும்போதே சாந்தை அழுத்தவேண்டும். அதைத் தடவிவிட்டுத் தேநீர் அருந்தப்போனால், திரும்பி வருமுன் அது காய்ந்து, ஒட்டவைக்கும் பசைக்குப் பதிலாகப் பிரித்து வைக்கும் படலமாகிவிடும். இன்னும் ஒன்று: சிமெண்ட் அதிகமாகப் போட்டால் உறுதி அதிகம் என்பது அநேகரின் எண்ணம். அப்படியல்ல. சிமெண்ட் மிகுந்த சாந்து காயும்போது அதிகமாய்ச் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். எம்-சேண்டிலுள்ள மிதமிஞ்சிய தூளும் இதே தீங்கைச் செய்யும். பாலிமர் கலந்து பையில் வரும் பழுதுபார்ப்புச் சாந்து விலை கூடியதுதான். ஆயினும் கையகலப் பழுதுக்கு எத்தனை பை தேவைப்பட்டுவிடும்? பையின்மேல் அச்சிட்ட நீரின் அளவை மட்டும் மீறாதிருங்கள். குழைவாயிருக்கட்டும் என்று ஒரு குவளை அதிகம் ஊற்றினால் கொடுத்த விலை வீண்.

கியூரிங் என்று சொல்லும் நீராற்றுதலில்தான் நாம் எல்லாரும் தோற்றுப்போகிறோம். இந்தியத் தர நிர்ணயம் 456, சாதாரண சிமெண்ட் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் முதலியவை கலந்த சிமெண்டுக்கு 10 நாளும் ஈரம் காக்கச் சொல்லுகிறது. இன்று கடையில் பெரும்பாலும் கிடைப்பது கலப்புச் சிமெண்டே. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப்போகும் வீட்டில் பகலில் யார் தண்ணீர் விடுவார்கள்? நனைத்த கோணிச்சாக்கைச் சுற்றி, அதன்மேல் பாலிதீன் தாளைக் கட்டிவிட்டால், காலை மாலை இரண்டு வேளை போதும். கூரையின் அடிப்பக்கமாயிருந்தால் தெளிப்பானால் நனைத்துத் தாளை ஒட்டிவைக்கலாம். பைச் சாந்துக்கு அதன் உற்பத்தியாளர் சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள். பெங்களூரின் குளிர்ந்த காற்று நம்மை ஏமாற்றும். வெயில் சுடாவிட்டாலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் உலர்ந்த காற்று ஈரத்தை விரைவாய் உறிஞ்சிவிடும். ஆயினும் பழுதுபார்க்க ஏற்ற காலம் அதுவே. அடைமழை நாளில் செய்யும் வேலையும், ஏப்ரல் நண்பகலில் செய்யும் வேலையும் நிலைப்பதில்லை.

தூத்துக்குடியிலோ நாகர்கோவில் கடலோரத்திலோ பெற்றோர் வீடு உள்ளவர்கள் இதையும் கவனியுங்கள். அங்கே கெடுப்பது கரியமிலவாயுவைவிட அதிகமாக உப்பு. மேற்சொன்ன தர நிர்ணயம், கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கலாகாது என்கிறது. உவர்ப்பான கிணற்றுநீர் அந்த எல்லையை எளிதில் தாண்டும். உப்பேறிய கூரையில் ஓரிடத்தைமட்டும் சுத்தமாகப் பழுதுபார்த்தால், அந்தப் புதிய ஒட்டைச் சுற்றியிருக்கும் பழைய கம்பி முன்னிலும் வேகமாகத் துருப்பிடிப்பது உண்டு. ஒரே கம்பியில் ஒரு பகுதி காரத்திலும் அடுத்த பகுதி உப்பிலும் இருப்பதால், அது ஒரு சிறு மின்கலம்போலாகிவிடுகிறது. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்துவரும் முக்கியமான துறைகளில் இந்த உலோக அரிப்பும் ஒன்று. கடலோர வீட்டுக்கு ஒட்டுவேலை செய்யுமுன் இத்துறை அறிந்தவரிடம் கேட்பது நல்லது.

வாடகைக்கு இருப்பவர்கள், வீடு நம்முடையதல்லவே என்று இருந்துவிடவேண்டாம். முன்பணம் கொடுக்குமுன் கூரையைப் பாருங்கள். ஓரிடத்தில்மட்டும் புதுப் பூச்சும் புது வெள்ளையும் தெரிந்தால் காரணம் கேளுங்கள். கைவிரலால் தட்டிப் பாருங்கள். பி.ஜி. விடுதியில் தங்கும் மகனையும் மகளையும் அவர்கள் கட்டிலுக்கு மேலுள்ள கூரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாடகை மாடியில் கூடும் சபைகளின் மூப்பர்கள், பிள்ளைகள் உட்காரும் பக்கத்தை முதலாவது பார்க்கட்டும். வீட்டுக்காரரிடம் பேசும்போது சண்டைக்குப் போகாமல், எழுத்திலும் படத்திலும் தெரிவியுங்கள். உப்பிய இடத்துக்குக் கீழிருந்து கட்டிலை அன்றைக்கே நகர்த்துங்கள். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் ஒரு கோடிட்டு, பக்கத்தில் தேதியை எழுதிவையுங்கள். அடுத்த மாதம் அது அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால், கொத்தனாரை அல்ல, பொறியாளரை அழையுங்கள்.