செவ்வகங்களால் ஒரு குரோமோசோம்

மனித செல்லில் 46 குரோமோசோம்கள் என்பது 1956-இல்தான் உறுதியானது. அந்தக் காலத்தில் நுண்ணோக்கிப் படத்தைக் கத்தரியால் வெட்டி, ஜோடி சேர்த்து, அட்டையில் ஒட்டுவார்கள். இன்று அதே வரிசையை ‘ஆர்’ மென்பொருள் சில வரிக் கட்டளைகளில் வரைந்து தருகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்த இலவசப் புள்ளியியல் மென்பொருள் அது.

சூட்சுமம் எளிது. ஜீம்சா சாயம் ஏற்றிய குரோமோசோமில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். ஒவ்வொரு பட்டையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு அட்டவணை இருக்கிறது. முதல் குரோமோசோமின் நுனிப் பட்டையான ‘பி36.33’-ஐ எடுத்துக்கொள்வோம்: தொடக்கம் 0, முடிவு 23 லட்சமாவது டி.என்.ஏ. எழுத்து, நிறம் வெளுப்பு. மென்பொருளுக்கு இது ஒரு செவ்வகம், அவ்வளவுதான். செவ்வகங்களை வரிசையாக அடுக்கி, குரோமோசோமின் இரு கைகளும் சேரும் ‘சென்ட்ரோமியர்’ வரும் இடத்தில் இடுப்பை ஒடுக்கினால் குரோமோசோம் தயார்!

‘கேரியோபிளாட்ஆர்’ போன்ற ‘ஆர்’ தொகுப்புகள் இதன்மேல் ஆய்வாளரின் தரவையும் ஏற்றுகின்றன. புற்றுக்கட்டியில் எந்தத் துண்டு காணாமல் போனது, எது இரட்டிப்பானது என்பதெல்லாம் பல்லாயிரம் வரி எண்களில் புலப்படாது. படத்தில் பளிச்சென்று தெரியும்.

ஆனால் வண்ணத்தில் மயங்குபவர்கள் ஒன்றைக் கோட்டைவிடுகிறார்கள். ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் மனித மரபணுத்தொகுதியின் பழைய பதிப்பில் முதல் குரோமோசோமின் நீளம் 24,92,50,621 எழுத்துகள். அடுத்த பதிப்பில் 24,89,56,422. தரவு ஒரு பதிப்பிலும் பட்டை இன்னொன்றிலும் இருந்தால் புள்ளிகள் இடம் மாறி உட்காரும், மென்பொருளும் வாய் திறக்காது. வரைவதற்கு முன் பதிப்பு எண்ணைச் சரிபாருங்கள்.