ஒரு பாக்கெட்டுக்கு 67 நானோ நொடி

பினாங்குப் பாலத்தின் டோல் சாவடி பிறைப் பக்கம் இருக்கிறது. அங்கே கணக்கு வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. நாற்பது பேர் ஏறிய பஸ்ஸும் ஒரு வண்டிதான். ஒருவர் ஓட்டும் காரும் அப்படியே. ரவுட்டராக வேலை செய்யும் கணினிக்கும் இதே நியாயம். கிகாபிட்டைப் பார்த்துக் கெர்னல் திணறுவதில்லை. பாக்கெட் எண்ணிக்கைதான் அதன் மூச்சை வாங்குகிறது.

கையிருப்பு நேரம்: 10 கிகாபிட் இணைப்பு
- 1,500 பைட் பாக்கெட் (கம்பியில் 1,538): நொடிக்கு 8.13 லட்சம், ஒன்றுக்கு 1,230 நானோ நொடி.
- 64 பைட் பாக்கெட் (கம்பியில் 84): நொடிக்கு 148.8 லட்சம், ஒன்றுக்கு 67 நானோ நொடி.

செலவு: ஒரு பாக்கெட்டுக்கு, நானோ நொடியில்
2018இல் வெளியான அளவீடு, 3.6 கிகாஹெர்ட்ஸ் சியான், ஒரே கோர், பாக்கெட்டை வாங்கிக் கீழே போடும் வேலை மட்டும்.
- லினக்ஸ், இணைப்புகளைக் கண்காணித்தபடி: 556
- லினக்ஸ், கண்காணிப்பு இல்லாமல்: 208
- எக்ஸ்டிபி: 42
- டிபிடிகே (கெர்னலைத் தவிர்த்து, பாக்கெட் வந்ததா என்று நிரலே ஓயாமல் பார்த்து வாங்கும் முறை): 23

எக்ஸ்டிபி 2016இல் லினக்ஸ் 4.8இல் சேர்ந்தது. 2019 முதல் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை, நிற்காமல் போய்விடுகிறது. எக்ஸ்டிபியும் கெர்னலின் நீண்ட வரிசைக்கு முன்பே பாக்கெட்டுக்கு வழி சொல்லிவிடுகிறது. ஃப்ரீபிஎஸ்டி பக்கம், 2012இல் பீசா பல்கலைக்கழகத்தின் லூயிஜி ரிட்சோ நெட்மேப் என்ற மென்பொருள் மூலம் 900 மெகாஹெர்ட்ஸ் கோர் ஒன்றிலேயே 148.8 லட்சம் பாக்கெட்டையும் அனுப்பிக் காட்டினார்.

மீதி
- பெரிய பாக்கெட், கண்காணிப்புடன் லினக்ஸ்: 1,230 − 556 = 674
- சிறிய பாக்கெட், கண்காணிப்பு இல்லாத லினக்ஸ்: 67 − 208 = 141 கடன்
- சிறிய பாக்கெட், எக்ஸ்டிபி: 67 − 42 = 25
- சிறிய பாக்கெட், டிபிடிகே: 67 − 23 = 44

வழி தேடும் செலவு இந்த மீதியிலிருந்துதான் போக வேண்டும். உலக ஐபிவி4 பாதைப் பட்டியல் சுமார் 10 லட்சம் வரி. தேடியது கேஷில் கிடைக்காமல் முதன்மை நினைவகத்துக்கு ஒரு நடை போய்வந்தால் ஏறக்குறைய 100 நானோ நொடி. 674 அதைத் தாங்கும். 25ம் 44ம் தாங்காது. அங்கே வேலையைப் பல கோர்களுக்குப் பங்கிட வேண்டும்.

டிபிடிகேயின் இன்னொரு செலவு மின்கட்டணத்தில் வரும். விடியற்காலை 3 மணிக்குப் பாக்கெட்டே வராவிட்டாலும் அதன் கோர் முழு வேகத்தில் சுற்றும். கூடுதலாக 20 வாட் என்று வைத்தால் ஆண்டுக்கு 175 யூனிட். யூனிட் 50 சென் என்றால் சுமார் 88 ரிங்கிட். தொகை சிறிதுதான். ஆனால் வீடியோவும் கோப்புகளும் ஓடும் அலுவலக இணைப்பில் பெரிய பாக்கெட்டே அதிகம். அங்கே 674 மீதி இருக்கும்போது அந்த 88ம் வீண்.